பொட்டு வைத்த டிரான்ஸ்மிட்டர்

அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது. இப்போதும் பிடிக்காது. நாள் ஆக ஆகக் கோபம் ஆறிவிடும் என்று எனக்குப் புத்தி சொல்கிறவர்களுக்கு யார்மீதும் உருப்படியாகக் கோபம் வந்ததில்லை போலிருக்கிறது. எனக்கு வந்தது வந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

நான் டிப்ளமோ படித்த பாலிடெக்னிக்கில் அவர் லேப் இன்சார்ஜ். ராமநாதபுரத்துக்கு வெளியே கருவேலங்காட்டுக்கு நடுவில் கட்டிய தனியார் கல்லூரி அது. பாம்பனிலிருந்து தினமும் பஸ்ஸில் பாலத்தைத் தாண்டிப் போய் வந்தேன். பிரிவு இன்ஸ்ட்ருமென்டேஷன். பெரிய ஆலைகளில் தண்ணீர் எவ்வளவு ஓட வேண்டும், ஆவி எவ்வளவு சூடாக வேண்டும் என்பதை மிஷினே பார்த்துச் சரிசெய்துகொள்ளும்படி அமைக்கிற படிப்பு என்று எங்கள் தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன்.

"எல்லாத்தையும் மிஷினே பாத்துக்கிட்டா உனக்கு அங்கன என்ன சோலி?" என்று அம்மா கேட்பாள். அதற்குப் பதில் சொல்லவே எனக்குப் பிடிக்காது. ஏனென்றால் கேட்கிறவளுக்குப் பதில் தேவையில்லை.

அம்மா மண்டபம் பக்கத்தில் ஒரு நண்டுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். வேகவைத்த நண்டைக் குளிர்ந்த மேசையில் கொட்டுவார்கள். வரிசையாக நின்று ஓட்டை உடைத்துச் சதையை எடுக்க வேண்டும். அம்மாவின் விரல்களில் ஓடு கிழித்த கோடுகள் எப்போதும் இருக்கும். ஒன்று ஆறுவதற்குள் பக்கத்தில் இன்னொன்று விழும். என் படிப்பைப் பற்றி அவள் ஒரே ஒரு தீர்ப்பு வைத்திருந்தாள்.

"கடைசி வருசத்துல வேலை கெடைச்சா போ. இல்லைனா மறுநாளே தொப்பியை மாட்டிக்கிட்டு எங்கூட கம்பெனிக்கு வந்துரணும். அதுக்கு மேல என்னால பஸ்ஸுக்கு அழ முடியாது."

அவள் கறாராகச் சொன்னால் சொன்னதுதான். நண்டில் முடி விழாமல் இருக்க அங்கே எல்லோரும் மாட்டுகிற துணித் தொப்பி அது. அதை நான் மாட்டாமல் இருக்க ஒரே வழி, ஏதாவது ஓர் ஆலையில் மிஷின் பக்கத்தில் நிற்கிற வேலை.

இரண்டாம் வருடத்தில் எங்கள் லேபுக்கு டிரெய்னர் என்று ஒரு பயிற்சி மிஷின் வந்தது. மரப்பெட்டியில் வந்தது. பிரித்தபோது பார்த்தவர்கள் எல்லோரும் கல்யாண வீட்டில் பெண் அழைப்பைப் பார்ப்பதுபோல் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். பளபளவென்று ஸ்டீல் சட்டம். கீழே ஒரு தொட்டி, மேலே கண்ணாடிபோல உள்ளே தெரிகிற உயரமான டேங்க். கீழிருந்து மேலே தண்ணீரை ஏற்ற ஒரு பம்ப். மேல் டேங்கின் அடியில், எவ்வளவு தண்ணீர் அழுத்துகிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு டிரான்ஸ்மிட்டர். அது சொல்வதைக் கேட்டு பம்பை வேகப்படுத்தவோ குறைக்கவோ செய்கிற கன்ட்ரோலர், சிவப்பு எண்களோடு.

இதில் படிக்க வேண்டியது இவ்வளவுதான். டேங்கில் பாதி அளவு தண்ணீர் நிற்க வேண்டும் என்று நீங்கள் சொன்னால், வடிகிற குழாயை யார் எவ்வளவு திறந்தாலும் பாதியிலேயே நிற்க வேண்டும். அதற்குத் தகுந்தபடி கன்ட்ரோலரைத் திருப்பி வைக்க வேண்டும். சொன்னால் சுலபம். கையால் செய்தால் தண்ணீர் ஏறி வழியும், இறங்கி வற்றும், ஊஞ்சலாடும். வழியவிட்டு, வற்றவிட்டு, திட்டு வாங்கித்தான் அது கைக்கு வரும். அதற்காகத்தான் அப்படி ஒரு மிஷினையே செய்கிறார்கள். ஆலையில் கெடுத்தால் ஆபத்து என்பதால், கெடுத்துப் பழகுவதற்கென்றே செய்த மிஷின்.

அதை அவர் பிளாஸ்டிக் உறை போட்டு மூடி, லேபைப் பூட்டி, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

காரணம் கேட்டால் தண்ணீர் என்றார். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. பம்பை அரித்துவிடும். அது நிஜம்தான். ஆனால் கேனில் வருகிற நல்ல தண்ணீரை ஊற்றலாமே. ஒரு தடவை ஊற்றினால் அதே தண்ணீர்தான் திரும்பத் திரும்பச் சுற்றப் போகிறது. ஸ்டாஃப் ரூமில் கை கழுவக்கூட கேன் தண்ணீர்தான் ஓடியது. டிரெய்னருக்கு மட்டும் கிடையாது. ஆகவே நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று நாங்கள் சொட்டுத் தண்ணீர் இல்லாத டேங்கின் முன்னால் நின்று படித்தோம். அவர் ஸ்கேலால் சுட்டிக்காட்டுவார்.

"இங்கன தண்ணி ஏறும். இங்கன எறங்கும். கன்ட்ரோலர் கரெக்ட் பண்ணும். எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டோம். போன வருடத்து அண்ணன்கள் எழுதியதைப் பார்த்து எழுதிக்கொண்டோம். அந்த அண்ணன்கள் எங்கே பார்த்து எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அவர்கள் படித்தபோது மிஷினே வரவில்லை.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "சார், ஒரு தடவை ஓட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "எந்த ஊரும்மா நீ?"

"பாம்பன் சார்."

"தொட்டு ரிப்பேர் ஆனா உங்கய்யா போட்டை வித்துத்தான் கட்டணும், பாத்துக்க."

"எங்கய்யாவுக்குப் போட்டு கெடையாது சார். அடுத்தவுக போட்டுல கூலிக்குப் போறாக."

வகுப்பு சிரித்தது. நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னேன். ஆனால் அவர் அதை மறக்கவே இல்லை. அன்றிலிருந்து லேபில் என் இடம் கடைசி வரிசை, ஜன்னல் ஓரம். அங்கிருந்து பார்த்தால் டிரெய்னரின் முதுகுதான் தெரியும். முதுகையே பார்த்துக்கொண்டு நின்றதில் எனக்கு ஒரு லாபம் இருந்தது. டிரான்ஸ்மிட்டர் பின்பக்கம்தான் இருந்தது.

உள்ளங்கை அகலத்துக்கு வட்டமான முகம். நடுவில் ஒரு சின்னத் துளை. நூலகத்தில் ஒரு கிழிந்த புத்தகத்தில் அந்தத் துளை எதற்கு என்று படித்தேன். டேங்கில் தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறது என்று சரியாகச் சொல்ல, வெளிக்காற்று எவ்வளவு அழுத்துகிறது என்பதும் அதற்குத் தெரிய வேண்டும். வெளிக்காற்று போய்வருகிற வழிதான் துளை. அதை அடைத்துவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்ட காற்று, மிஷின் சூடாகச் சூடாக விரிந்து எதிர்ப்பக்கமிருந்து தள்ளும். டேங்க் நிறைந்திருந்தாலும் குறைவாக இருப்பதாகக் காட்டும்.

ஆயுத பூஜை வந்தது. உறையைக் கழற்றி, மிஷினைத் துடைத்து, மாலை போட்டு, அவர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். மற்ற லேப்களில் மாணவர்களே சந்தனம் குங்குமம் வைப்பார்கள். இங்கே அவர் கையால்தான். மோட்டாருக்கு ஒரு பொட்டு, பேனலுக்கு மூன்று, வால்வுக்கு ஒன்று. பின்னால் வந்து டிரான்ஸ்மிட்டரின் வட்ட முகத்தைப் பார்த்தார். நடுவில் பொட்டு வைக்கத் தோதாக ஒரு குழி. கட்டை விரலால் சந்தனத்தை அப்பி அழுத்தினார். அதன்மேல் குங்குமம்.

பூஜைமீது எனக்குப் புகார் எதுவும் இல்லை. அவல் பொரியை முதலில் வாங்கித் தின்றவளே நான்தான். எங்கள் ஊரிலும் புதுப் படகு இறக்கினால் ஃபாதர் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். ஆனால் அதை இன்ஜினுக்குள் ஊற்ற மாட்டார்.

"சார், அது காத்துப் போற ஓட்டை சார்" என்றேன்.

"பூஜை நேரத்துல ஓட்டை கீட்டைனு பேசாத. தள்ளி நில்லு."

தள்ளி நின்றேன். பொரி முடிந்ததும் உறை மறுபடி ஏறியது. அடுத்த வருடம் பழைய சந்தனத்தின்மேல் புதுச் சந்தனம். நான் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவுதான் திறப்பது.

கடைசி வருடத்தில் ஒரு கம்பெனி கேம்பஸுக்கு வருவதாக அறிவித்தார்கள். கடல் தண்ணீரைக் குடிநீராக்குகிற ஆலை. எழுத்துத் தேர்வு கிடையாது, உங்கள் லேப் டிரெய்னரிலேயே ஆளுக்கொரு தடவை ஓட்டிக் காட்டச் சொல்வோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதைக் கேட்டு இன்சார்ஜ் சாரின் முகம் போன போக்கைப் பார்க்க நான் இன்னொரு வருடம்கூட அங்கே படித்திருப்பேன்.

கேன் கேனாகத் தண்ணீர் வந்தது. கம்பெனி வருவதற்கு முதல் நாள் மாலை பையன்களை மட்டும் உள்ளே விட்டு, பம்பைப் போட்டு நிறுத்திக் காட்டினார். எங்களை, நாலு பெண்கள் இருந்தோம், வாசலைக் கூட்டிக் கோலம் போடச் சொன்னார்.

"நாங்களும் ஓட்டிக் காட்டணும்ல சார்" என்றேன்.

"பிளான்ட்டுல ஷிப்டு பாக்க வீட்டுல விடுவாகளா? பேருக்கு நிக்கப் போறீக. கோலத்தைப் போடும்மா."

நான் கோலம் போடவில்லை. விளக்குமாற்றை அங்கேயே போட்டுவிட்டு பஸ் ஏறினேன். பாலத்தின்மேல் பஸ் போகும்போது அழுகை வந்தது. துக்கத்தில் வந்த அழுகை இல்லை. பல்லைக் கடித்தால் வருமே, அது.

மறுநாள் காலை, நல்லது நடக்கட்டும் என்று மிஷினுக்கு எலுமிச்சம்பழம் அறுத்து, புதிதாகச் சந்தனமும் வைத்திருந்தார். எல்லாப் பொட்டும் அதனதன் இடத்தில் இருந்தது.

கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். அதிகம் பேசாதவர். பாதி டேங்கில் தண்ணீரை நிறுத்துங்கள் என்று மட்டும் சொன்னார். முதலில் பையன்கள். முதல் பையன் ஓரளவு சமாளித்தான். நேரம் போகப் போக மிஷின் சூடேறியது. பேனலில் தண்ணீர் குறைகிறது என்று காட்டியது. பம்ப் இரைந்தது. பையன்கள் எல்லாக் குமிழ்களையும் திருகினார்கள். மேல் டேங்க் நிரம்பி வழிந்து தரையில் ஓடி, கேன் தண்ணீர் வாசல் கோலத்தைக் கரைத்துக்கொண்டு போனது. "டென்ஷன் சார், பசங்களுக்கு டென்ஷன்" என்று இன்சார்ஜ் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

என் முறை. நான் குமிழைத் தொடவில்லை. டேங்கைக் கண்ணால் பார்த்தேன், தண்ணீர் பாதிக்கு மேலே. பேனலைப் பார்த்தேன், பாதிக்குக் கீழே. பின்பக்கம் போய்க் குனிந்து, துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கை எடுத்தேன்.

"ஏய், என்ன பண்ற?" இன்சார்ஜ் பாய்ந்து வந்தார்.

"விடுங்க சார்" என்றார் அதிகாரி.

மேலே ஈரச் சந்தனம் வழித்தால் வந்துவிட்டது. அடியில் இருந்தது சுண்ணாம்புக் காரைபோல இறுகிக் கிடந்தது. சுரண்டினேன். துளை திறந்ததும் பேனலில் சிவப்பு எண் ஒரே தாவில் ஏறி, கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் வந்து நின்றது. பிறகு கன்ட்ரோலரை மெதுவாகத் திருப்பி வைத்தேன். தண்ணீர் கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, பாதியில் நின்றது. வடிகிற குழாயைத் திறந்தேன். பம்ப் தானாகவே இரைந்து ஈடுகட்டியது. மறுபடி பாதி. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. ஒரு மிஷின் என் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றது.

அதிகாரி குனிந்து துளையைப் பார்த்தார். நிமிர்வதற்குள் இன்சார்ஜ் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"நம்ம ஸ்டூடண்ட் சார். இதே டிரெய்னர்ல நாந்தான் ட்ரெயினிங் குடுத்தேன்."

அதிகாரி என்னைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

ஆமாம் என்று சொன்னால் வேலை. எனக்குத் தெரியும். அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அம்மாவின் தொப்பி கண்ணுக்கு முன்னால் வந்தது. கூடவே, வாசலில் கிடந்த விளக்குமாறும் வந்தது.

"இல்ல சார். இன்னைக்குத்தான் மொதத் தடவையா இதைத் தொடுறேன். சார் தொட விட்டதே இல்ல."

 அதிகாரி தலையை ஆட்டி, "நல்லா பாத்தம்மா" என்று மட்டும் சொன்னார்.

மத்தியானம் அவருக்கு பிரியாணி வரவழைத்திருந்தார்கள். பரிமாறிய வகுப்புப் பையன்தான் வந்து என்னிடம் சொன்னான். இலைக்கு முன்னால் உட்கார்ந்து இன்சார்ஜ் சொன்னாராம்: "அந்தப் பொண்ணுக்குக் கைவேலை சுத்தம், வாய் சரியில்ல சார். பொறுப்புல இருக்கவுகளை நாலு பேருக்கு முன்னால எடுத்தெறிஞ்சு பேசும். உங்க ஷிப்டுல அதை வச்சு மேய்க்க முடியாது." சாயங்காலம் இரண்டு பேரை எடுத்ததாகச் சொன்னார்கள். இரண்டு பேரும் டேங்கை வழியவிட்டவர்கள். அதிகாரி கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டுக் காதால் கேட்டதை நம்பிப் போய்விட்டார். அவர்மீதும் எனக்குக் கோபம்தான். ஆனால் அது இரண்டாவது கோபம்.

வீட்டில் சொன்னேன். அம்மா உலையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாயா வெந்துபோகும்?"

"வெந்துதான் போகும்" என்றேன்.  அன்று இரவே அம்மா ஒரு தொப்பியைத் துவைத்துக் கொடியில் போட்டாள்.

நண்டுக் கம்பெனியைப் பற்றி நான் நினைத்திருந்ததெல்லாம் சரியாகவே இருந்தது. குளிர், நாற்றம், நின்று நின்று மரத்துப்போகும் கால். நான் உரித்த நண்டில் பாதி ஓட்டிலேயே போனது. மேசைக்கு எதிரே நிற்கிற அக்காக்கள், டிப்ளமோ நண்டு உரிக்கிற லட்சணத்தைப் பார் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். நானும் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் நான் நினைக்காத ஒன்று அங்கே இருந்தது. உரித்த சதையை டப்பாவில் அடைத்து, மூடி, பின்பக்கம் ஒரு அறையில் சுடுதண்ணீர்த் தொட்டியில் இறக்கிச் சூடுபடுத்துவார்கள். தொட்டிக்கு ஆவிக் குழாய். குழாயில் வால்வு. தண்ணீருக்குள் ஒரு சென்சார். சுவரில் சிவப்பு எண்களோடு ஒரு கன்ட்ரோலர். இத்தனை வருடம் அம்மா இதன் மறுபக்கம் நின்று நண்டு உரித்திருக்கிறாள், ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல அவளுக்கு என்ன தெரியும்.

அந்த அறையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் துபாய்க்குப் போனார். சூடு ஏறுவதும் இறங்குவதுமாக, டப்பாக்களைக் கழித்துக் கொட்டினார்கள். சூப்பர்வைசரிடம் போய் நின்றது அம்மா. நான் கேட்கச் சொல்லவில்லை.

"எம்மக அந்த மிஷினுக்குத்தான் படிச்சிருக்கு. நண்டு உரிக்கத்தான் லாயக்கில்ல" என்று சொல்லியிருக்கிறாள். அவள் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே சான்றிதழ் அது.

இப்போது அந்த அறை என் பொறுப்பில் இருக்கிறது. போன வருடம் பாலிடெக்னிக் பிள்ளைகள் கம்பெனியைப் பார்க்க வருகிறார்கள் என்று சொன்னார்கள். எந்தப் பாலிடெக்னிக் என்று நான் கேட்கவில்லை. கதவைத் திறந்தால் முன்னால் அவர் நிற்கிறார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு நொடி தயங்கி, பிறகு வாயெல்லாம் பல்லாகப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"நம்ம காலேஜுல படிச்சவுக. நம்ம டிரெய்னர்ல பழகினவுக. பாருங்க, இன்னைக்கு எப்படி இருக்காகனு. யாரும் எதையும் தொடாதீங்க."

பிள்ளைகள் எல்லோரும் கையை உடனே பின்னால் கட்டிக்கொண்டார்கள். சொல்லிப் பழக்கிய கைகள். கடைசி வரிசையில், சுவர் ஓரமாக ஒரு பெண் நின்றாள். அவள் மட்டும் கன்ட்ரோலரைப் பார்க்காமல் தொட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ அந்த டிரெய்னரைத் தொட்டிருக்கியா?" என்று அவளைக் கேட்டேன்.

அவள் சாரைப் பார்த்தாள். சார் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தை பதில் சொல்ல எவ்வளவு விலை என்பதும் தெரியும். கேட்டிருக்கக் கூடாது என்று அப்போதுதான் உறைத்தது.

"சொல்ல வேணாம். இங்கன வா" என்றேன்.

அன்று டப்பா இறக்கவில்லை, தொட்டியில் வெறும் தண்ணீர்தான். கன்ட்ரோலரைக் கையால் ஓட்டுகிற மேனுவலுக்கு மாற்றிவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தேன்.

"ஏம்மா, ஓடுற மிஷின். கெட்டுப்போச்சுன்னா?" என்றார் அவர்.

"கெட்டா நான் பாத்துக்கிறேன் சார். இது என் லேபு. நீங்க அந்த மஞ்சக் கோட்டுக்கு அங்கிட்டு நில்லுங்க."

அவர் நின்றார். அந்தப் பெண் கட்டியிருந்த கையை அவிழ்த்துக் குமிழில் வைத்தாள். வால்வை ஒரேயடியாகத் திறந்துவிட்டாள். ஆவி இரைந்தது, எண் தாறுமாறாக ஏறியது, அவள் பயந்து என்னைப் பார்த்தாள். நான் என் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கையை எடுக்காமல் அவளாகவே கொஞ்சம் கொஞ்சமாக மூட ஆரம்பித்தாள்.